தெரிந்த ரத்தம்

ஆகஸ்ட் 30

காலை ஆறரைக்கு ஷட்டரைத் தூக்கினேன். சுரண்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், உரக்கடைக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவில் ஓர் அறை. வாசலில் ‘உலகம்மன் ரத்தப் பரிசோதனை நிலையம்’ என்று போர்டு. “சாமி பேரா, எம் பேரா?” என்று கேட்டாள் உலகு. என் மனைவியின் முழுப்பெயர் உலகம்மாள். “ரெண்டுந்தான்” என்றேன். அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

பதினாறு வருடம் திருநெல்வேலியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், சன்னல் இல்லாத லேபில் வேலை பார்த்தேன். நாளைக்கு முந்நூறு குழாய் ரத்தம். ஒரு முகமும் தெரியாது. நாற்பத்திரண்டு வயதில்தான் வெளியே வரத் துணிச்சல் வந்தது. வீட்டுப் பத்திரம் பேங்கில் இருக்கிறது. அதற்குப் பதிலாக ரத்த அணுக்களை எண்ணுகிற மெஷின் என் மேசையில் இருக்கிறது. கம்பெனி இன்ஜினியர் இன்பராஜ் வந்து பொருத்திக் கொடுத்தார்.

மெஷின் சரியாக எண்ணுகிறதா என்று பார்ப்பதற்கென்றே கம்பெனி ஒரு திரவம் விற்கிறது. விரல் நீளக் குப்பி, யானை விலை, திறந்துவிட்டால் இரண்டு வாரத்தில் வீண். அதனால் சின்ன லேப்காரர்கள் செய்வதை நானும் செய்யப்போகிறேன். ஆரோக்கியமான, கணக்குத் தெரிந்த ஒருவரின் ரத்தத்தை ஓட்டிப் பார்ப்பது. உலகுவுக்குப் போன வருடம் ஆஸ்பத்திரியில் நானே பார்த்திருக்கிறேன். எல்லாம் நார்மல். தெரிந்த ரத்தம். திங்களும் வியாழனும் அவளிடம் எடுப்பதாக ஏற்பாடு.

“கடைக்கு வேலைக்காரியும் நாந்தான், ரத்தம் குடுக்கவும் நாந்தானா?” என்று கையை நீட்டினாள்.

முதல் நாள் வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் கண்ணாடிக் கடைக்காரர், மரியாதைக்காகச் சர்க்கரை பார்த்துக்கொண்டார்.

செப்டம்பர் 4

டாக்டர்களைப் போய்ப் பார்த்தேன். மூன்று பேர். முதல் இருவரும் நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, நான் எவ்வளவு வெட்டுவேன் என்று கேட்டார்கள். ஒரு பரிசோதனைக்குப் பாதி. பாதியைக் கொடுத்துவிட்டு நான் எதை வைத்துப் பரிசோதனை செய்வது? குழாயில் தண்ணீரை ஊற்றி வாய்க்கு வந்த எண்ணை எழுதித்தர வேண்டியதுதான். அப்படிச் செய்கிறவர்கள் இல்லாமலும் இல்லை.

மூன்றாவது, டாக்டர் ஜெபராணி. ஐம்பது வயதிருக்கும். உட்காரச் சொல்லவில்லை. “கமிஷன் நான் வாங்குறதில்ல. ஆனா புது லேபை நம்பி அனுப்பவும் மாட்டேன். நீங்க ஒரு தப்பு ரிப்போர்ட் குடுத்தா சாகுறது என் பேஷன்ட்” என்றார்.

உலகுவிடம் சொன்னேன். “அந்தம்மா சொல்றது நியாயந்தான” என்றாள். நியாயந்தான். நியாயம் தெரிந்தவர் ஒருவர் இருப்பதும் நல்லதுதான். ஆனால் இன்று மொத்தம் மூன்று பேர்.

செப்டம்பர் 11

மெஷினில் கோளாறு. பிளேட்லெட் எண்ணிக்கை குறைத்துக் காட்டுகிறது. ரத்தம் உறைவதற்கு அந்த அணுதான் வேண்டும். காய்ச்சல் காலத்தில் டாக்டர்கள் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான். போன வருடம் உலகுவுக்கு இரண்டு லட்சத்து எழுபதாயிரம். மெஷின் முதல் வாரம் ஒன்றரை லட்சம் என்றது. போகட்டும் என்று விட்டேன். இன்று ஒரு லட்சத்து இருபதாயிரம் என்கிறது.

இன்பராஜுக்குப் போன் செய்தேன். “குழாயை நல்லாக் குலுக்குங்க சார், கட்டி பிடிச்சா அப்படிக் காட்டும்” என்றார். பதினாறு வருடம் குழாய் குலுக்கியவனிடம்.

செப்டம்பர் 15

பெயின்ட் வாடை இன்னும் போகவில்லை. உலகுவுக்கு அதனால் தலைவலி.

செப்டம்பர் 22

காலை வேளை பரவாயில்லை. வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்கிறவர்கள் ஏழெட்டுப் பேர் வருகிறார்கள். உலகு பெயர் எழுதி, சீட்டு ஒட்டி, ரிப்போர்ட் அடித்துக் கொடுக்கிறாள். கம்ப்யூட்டரை அவளே பழகிக்கொண்டாள். வயதான ஆட்களுக்கு ரிப்போர்ட்டைப் படித்தும் சொல்கிறாள். “ஒங்க வீட்டு மதினி கை ராசி, நாங்க அதுக்குத்தான் வாரோம்” என்று ஒரு பூ விற்கிற அம்மா என்னிடம் சொன்னார். ஊசி போடுவது நான். பேர் அவளுக்கு!

பத்து மணிக்கு மேல் கூட்டம் இல்லை. உலகு மேசையில் தலை சாய்த்துத் தூங்கிவிடுகிறாள். வீட்டு வேலையை முடித்துவிட்டு ஐந்தரைக்கெல்லாம் கிளம்புகிறாள், அசதி இருக்கத்தானே செய்யும். ஹீமோகுளோபின் ஒன்பதரை. பெண்களுக்கு இது சகஜம். இரும்புச்சத்து மாத்திரை வாங்கிக் கொடுத்தேன்.

மெஷின் இன்று தொண்ணூற்றாறாயிரம் என்கிறது. நாளுக்கு நாள் இறங்குகிறது. உள்ளே ஏதோ தேய்ந்துகொண்டு வருகிறது.

செப்டம்பர் 29

இன்பராஜ் நேரில் வந்தார். மதுரையிலிருந்து வந்தவருக்குச் சாப்பாடு போட்டு அனுப்பினாள் உலகு. அவர் மெஷினைத் திறந்து கழுவி, கையோடு கொண்டுவந்த திரவத்தை மூன்று முறை ஓட்டினார். மூன்று முறையும் சரி.

“மெஷின்ல ஒண்ணும் இல்ல சார்.”

“அப்ப இது என்ன?” என்று உலகுவின் தாள்களைக் காட்டினேன்.

அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். “இது யாரோடது சார்?” என்றார். நான் உலகுவைக் கை காட்டினேன். அவள் அவருக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவர் தாள்களை அடுக்கி என்னிடமே கொடுத்தார். “நீங்க உங்க ரத்தத்த ஓட்டிப் பாருங்க சார்” என்று மட்டும் சொன்னார்.

வாரன்டி இருக்கும்போதே இப்படி நழுவுகிறார்கள். கம்பெனிக்கு மெயில் அனுப்பினேன், கொஞ்சம் காரமாகவே.

அக்டோபர் 3

என் ரத்தத்தை ஓட்டினேன். இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். எனக்கு எப்போதும் இருக்கிற கணக்குதான்.

அப்படியென்றால் மெஷின் சில நேரம் சரியாகவும் சில நேரம் தப்பாகவும் எண்ணுகிறது. முழுக்கக் கெட்டுப்போனால்கூடத் திருப்பி அனுப்பலாம். இது அதைவிட மோசம்.

அக்டோபர் 9

கல்யாணி வந்து சொல்லித்தான் பார்த்தேன். மகள் ஒன்பதாவது படிக்கிறாள், எதையும் கவனிக்கிற பிள்ளை. “அப்பா, அம்மா கையப் பாருங்க” என்றாள். நான் ரத்தம் எடுக்கிற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போயிருந்தது. தொடையிலும் இருக்கிறதாம். பல் தேய்த்தால் ரத்தம் வருகிறதாம்.

“ஒரே கையில எடுத்துட்டு இருந்தா அப்படித்தான் கன்னும்” என்றேன். மென்மையான பிரஷ் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். இனி இடது கையில் எடுக்க வேண்டும்.

“ஒரு வாரம் வீட்ல இருக்கட்டுமாப்பா” என்றாள் கல்யாணி. உலகு கேட்கவில்லை. “நான் போகலன்னா ஒங்கப்பா எல்லாருக்கும் ரிப்போர்ட்ட மாத்திக் குடுத்துருவாரு” என்றாள்.

இன்று பதினாறு பேர். தொடங்கிய நாளிலிருந்து இதுதான் அதிகம். மெஷின் அறுபத்தோராயிரம் என்றது. தாளை மேசை டிராயரில் போட்டுவிட்டேன்.

அக்டோபர் 14

மழைக்காலக் காய்ச்சல் ஆரம்பித்துவிட்டது. டாக்டர் ஜெபராணியிடம் காட்டுகிற ஒரு வாலிபன் வந்தான், செங்கல் சூளையில் வேலை. அவர் எழுதிக் கொடுத்தது வேறு லேபுக்கு. அங்கே கூட்டமாக இருந்ததால் இங்கே வந்துவிட்டான். பிளேட்லெட் இருபத்தெட்டாயிரம் என்று வந்தது. இந்த மெஷினை நம்பி எப்படிக் கையெழுத்துப் போடுவது? தப்பாக இருந்தால் அந்த அம்மா என் வாசல் பக்கமே இனி யாரையும் விடமாட்டார். சரியாக இருந்து, நான் கொடுக்காமல் விட்டால் பையன் போய்விடுவான்.

உலகுதான் சொன்னாள். “வந்தத அப்படியே குடுங்க. கூடவே போன் போட்டு, எனக்குச் சந்தேகமா இருக்கு, இன்னொரு எடத்துல பாருங்கன்னு சொல்லிருங்க.”

அப்படியே செய்தேன். டாக்டர் “ம்” என்று வைத்துவிட்டார்.

அக்டோபர் 16

பதினொரு மணிக்கு டாக்டர் ஜெபராணியே போன் செய்தார்.

“ஆவுடையப்பன், அந்தப் பையனத் திருநெல்வேலிக்கு அனுப்பிச்சேன். அங்க இருபத்தேழாயிரம். இன்னும் ஒரு நாள் தாமதிச்சிருந்தா ரத்தம் கசிஞ்சிருக்கும்னு சொன்னாங்க. சந்தேகத்த மறைக்காமச் சொன்னீங்க பாருங்க, அது எனக்குப் பிடிச்சுது. உங்க மெஷின் துல்லியமா இருக்கு. இனிமே என் பேஷன்ட் எல்லாரையும் உங்ககிட்டதான் அனுப்பப் போறேன்.”

ஒன்றரை மாதமாக இந்தப் போனுக்காகத்தான் காத்திருந்தேன். நன்றி சொன்னேன். உலகு எதிரே நின்று “என்ன சொன்னாங்க, என்ன சொன்னாங்க” என்று சைகையில் கேட்டாள். சொன்னேன். கைதட்டினாள். கண்ணாடிக் கடைக்காரருக்கு லட்டு வாங்கிக் கொடுத்தாள்.

மெஷின் சரியாகத்தான் இருக்கிறது.

அக்டோபர் 17

மதியம் உலகுவைச் சாப்பிட அனுப்பிவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினேன். காலையில் அவளிடம் எடுத்த குழாய் இருந்தது. கண்ணாடித் துண்டில் ஒரு துளி தேய்த்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்தேன்.

பத்து நிமிட வேலை. செப்டம்பர் மாதமே செய்திருக்கலாம். எந்தக் கற்றுக்குட்டிக்கும் அதுதான் முதலில் தோன்றும்.

பெரிய பெரிய முதிராத செல்கள். இரண்டில் ஊசிபோலச் சிவப்புக் கோடு. புத்தகத்தில் பார்க்க வேண்டியதில்லை. அடித்தளத்து அறையில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பார்த்ததும் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு “இங்க பாருங்க, அழகா இருக்கு” என்று காட்டியிருக்கிறேன். அப்படித்தான் சொல்வோம்.

ரத்தப் புற்று.

மூன்று மணிக்கு உலகு தூக்குவாளியோடு வந்தாள். வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு. சாப்பிட்டேன்.

அக்டோபர் 18

சொல்லிவிட்டேன். ரிப்போர்ட் அடித்துக்கொண்டிருந்தாள்.

“உலகு, நாளைக்குத் திருநெல்வேலி போவோம். ரத்தத்துல கொஞ்சம் வித்தியாசம் இருக்கு. டாக்டர்ட்ட காட்டிருவோம். பயப்படுததுக்கு ஒண்ணுமில்ல.”

அவள் விரலை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“பேஷன்டுட்ட சொல்ற மாதிரியே சொல்லுதீங்க.”

பின்பக்கம் போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவினேன். திரும்பி வந்தபோது விட்ட இடத்திலிருந்து அடித்துக்கொண்டிருந்தாள். பூ விற்கிற அம்மாவின் சர்க்கரை ரிப்போர்ட்.

அக்டோபர் 20

சேர்த்தாகிவிட்டது. எலும்பு மஜ்ஜை எடுத்துப் பார்த்தார்கள். நான் பார்த்ததுதான்.

வார்டு டாக்டர் சின்ன வயதுக்காரர். “எப்பருந்து இப்படி இருக்கு? பழைய ரிப்போர்ட் ஏதும் இருக்கா?” என்று கேட்டார்.

“ஒரு வாரமா” என்றேன். “ரிப்போர்ட் இல்ல.”

உலகு என்னைப் பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்து, “ஆமா டாக்டர், ஒரு வாரந்தான் இருக்கும்” என்றாள்.

அக்டோபர் 26

மருந்து ஏறத் தொடங்கி ஐந்து நாள். தென்காசியிலிருந்து உலகுவின் அக்கா வந்து கூட இருக்கிறார். கல்யாணிக்கு அரையாண்டு நெருங்குகிறது, பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்கிறாள்.

லேப் எட்டு நாளாகப் பூட்டிக் கிடக்கிறது. டாக்டர் ஜெபராணி சொன்ன சொல் தவறாமல் ஆள் அனுப்புகிறார். அவர்கள் வந்து பூட்டைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். போன் வந்தபடி இருக்கிறது. உலகு கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாள்.

“போயித் திறங்க” என்றாள்.

“அது ஒரு கேடு இப்ப.”

“என்ன கேடு? காய்ச்சக் காலம். இப்பத்தான் சனங்க வருவாங்க. இப்பப் பூட்டிப் போட்டா அப்புறம் எவன் வருவான்? விடியக்காலம் பஸ்ல போயி, ஆறரைக்குத் திறந்து, பத்து மணிக்கு அடைச்சிட்டு வாங்க. நான் என்ன ஓடிப்போகவா போறேன்.”

பேங்க் தவணை இருக்கிறது. அவள் மருந்தும் இருக்கிறது. இரண்டையும் அவள் சொல்லவில்லை.

அக்டோபர் 30

தினம் போய் வருகிறேன். இன்று முப்பத்தோரு பேர். வாசலில் வரிசை நிற்கிறது. பெயர் எழுத ஆள் இல்லை, அவர்களே எழுதிக்கொள்கிறார்கள். பூ விற்கிற அம்மா “மதினிய எங்க?” என்றார். “ஊருக்குப் போயிருக்கா” என்றேன்.

நவம்பர் 3

முடி கொட்டிவிட்டது. வாயெல்லாம் புண். இன்று கொஞ்சம் தெளிவாக இருந்தாள். அக்காவும் கல்யாணியும் கேன்டீனுக்குப் போயிருந்த நேரம்.

இனிமேல் இதைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது என்று தோன்றியது. சொன்னேன். முதல் வாரமே குறைந்திருந்தது. ஒவ்வொரு தடவையும் குறைந்தது. மெஷினைத்தான் சந்தேகப்பட்டேன். உன்னைப் பார்க்கவில்லை. ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடியில் தேய்த்துப் பார்க்கவில்லை.

அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

“நீங்க அந்த இன்பராஜ்ட்ட போன்ல சண்ட போட்டதெல்லாம் நான் பக்கத்துல உக்காந்து கேட்டுட்டுத்தான இருந்தேன்” என்றாள். பேச வாய் வலித்தது, மெதுவாகத்தான் பேசினாள். “ரிப்போர்ட் அடிச்சு அடிச்சு எனக்கும் நம்பர் தெரியும். அந்த இன்பராஜ் தாளப் பாத்துட்டு என் மூஞ்சியப் பாத்தாரு பாருங்க, அன்னைக்கே எனக்குப் புரிஞ்சுபோச்சு.”

“ஏன் சொல்லல?”

“மெஷினு கெட்டிருக்கணும்னு நானும் சாமியக் கும்பிட்டேன்.”

தண்ணீர் கேட்டாள். ஸ்பூனால் கொடுத்தேன். இரண்டு ஸ்பூன் இறங்கியது.

நவம்பர் 7

காய்ச்சல். இதுதான் ஆபத்தான கட்டம் என்கிறார்கள். வெள்ளை அணு அநேகமாக இல்லை. நாளைக்கு லேபுக்குப் போகமாட்டேன் என்றேன். “நாளைக்கு டாக்டரம்மா ஆள் அனுப்புவாங்கல்ல” என்றாள். அதற்குள் கண் செருகியது.

நவம்பர் 24

பதினேழு நாள் எழுதவில்லை.

எட்டாம் தேதி காலை ஏழே முக்காலுக்கு ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் கையில் ரப்பரைக் கட்டியிருந்தேன். போன் அடித்தது. ரத்தம் எடுத்து முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று இருந்துவிட்டேன். மறுபடி அடித்தது. ஊசியை உருவி, பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு எடுத்தேன்.

கல்யாணி. அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு உலகுவின் அக்கா போனை வாங்கினார்.

அந்தப் பெண்ணின் குழாயில் பெயர் எழுதி ஃப்ரிட்ஜில் வைத்தேன். ஷட்டரை இறக்கினேன். பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். கண்டக்டர் சில்லறை கேட்டார், கொடுத்தேன்.

கல்யாணி அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் உலகு என்னைத் தேடினாளா என்று கேட்கத் தைரியம் இல்லை. இன்றுவரை கேட்கவில்லை.

நவம்பர் 26

டாக்டர் ஜெபராணி வீட்டுக்கு வந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முன்பே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்டேன்.

“இந்த நோய்ல சீக்கிரம் பாத்தும் போனவங்க உண்டு. ஆனா உங்க மனைவிக்கு என்ன ஆகியிருக்கும்னு எனக்குத் தெரியாது ஆவுடையப்பன். தெரிஞ்ச மாதிரி சொல்ல மாட்டேன்” என்றார்.

ஆறுதல் சொல்லியிருக்கலாம். சொல்லாததற்காக அவர்மேல் கோபம் வரவில்லை.

நவம்பர் 29

அம்மாவின் கையெழுத்து உள்ளது ஏதாவது வேண்டும் என்று கல்யாணி லேபுக்கு வந்தாள். உலகு பெயர் எழுதிய நோட்டை எடுத்துக் கொடுத்தேன். நான் ஒருவருக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தபோது மேசை டிராயரையும் திறந்திருக்கிறாள்.

ஆள் போனதும் என் முன்னால் வந்து நின்றாள். கையில் அந்தத் தாள்கள் எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் தேதி, ‘உலகு - மெஷின் செக்’.

“இது அம்மாவோட ரத்தமாப்பா?”

“ஆமா.”

“ஆகஸ்ட்லருந்தா?”

“ஆமா.”

“நான் அம்மா கையக் காட்டும்போது, ஊசி குத்திக் கன்னிப் போயிருக்குன்னு சொன்னீங்க.”

மெஷின் கெட்டுவிட்டது என்று நினைத்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஒன்பதாவது படிக்கிற பிள்ளை. என்ன சொன்னாலும் நம்பியிருப்பாள்.

“மெஷின் சரியாத்தான் இருந்துச்சும்மா. எனக்கு அம்மாவப் பாக்கப் பயமா இருந்துச்சு. மெஷினப் பாத்தேன்” என்றேன்.

தாள்களை மேசைமேல் வைத்தாள். நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போய்விட்டாள்.

டிசம்பர் 2

பேசவில்லை.

டிசம்பர் 4

பேசவில்லை. பள்ளிக்கூடம் போகிறாள், வருகிறாள். உலகுவின் அக்கா ஊருக்குப் போய்விட்டார். கடைச் சாப்பாடு வாங்கி வைத்தால் பாதி தின்கிறாள்.

லேபை விற்றுவிடலாமா என்று யோசித்தேன். கடையநல்லூரில் ஒருவர் மெஷினைக் கேட்கிறார். ஷட்டரை இறக்கிவிட்டு வெகுநேரம் வாசலில் நின்றேன். விற்றால் பத்திரம் திரும்பாது. மறுபடி அந்தச் சன்னல் இல்லாத அறைக்குத்தான் போக வேண்டும், அதுவும் எடுத்துக்கொண்டால். அதோடு, உலகு வரிசையாகப் பெயர் எழுதி வைத்த ஆட்கள் இவர்கள். அவரிடம் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 7

இருபத்திரண்டு பேர். பெயர் எழுத ஒரு பெண்ணை நாளையிலிருந்து வரச் சொல்லியிருக்கிறேன். டாக்டர் ஜெபராணி அனுப்பிய ஒரு பெரியவருக்கு எண் சரியாகப் படவில்லை. கண்ணாடித் துண்டில் தேய்த்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. இனி எல்லோருக்கும் அப்படித்தான். நேரம் ஆகிறது, இரண்டு பேர் முணுமுணுத்துவிட்டு வேறு லேபுக்குப் போனார்கள். போகட்டும்.

ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். பள்ளிக்கூடம் லீவு. கல்யாணி சோறு வடித்து, தக்காளிக் குழம்பு வைத்திருந்தாள். அவளாக அடுப்பைப் பற்றவைத்தது இதுதான் முதல் தடவை. சோறு குழைந்திருந்தது. எனக்கு ஒரு தட்டு போட்டாள், அவளுக்கு ஒரு தட்டு. எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம்.

பாதியில், தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

“உப்புக் கூடவா?”

எட்டு நாளில் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. இல்லம்மா, நல்லா இருக்கு என்று நாக்கு நுனிவரை வந்தது.

“ஆமாம்மா. கூடத்தான் இருக்கு.”

தலையை ஆட்டினாள். எழுந்து போய் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

“நாளைக்குக் கொறச்சுப் போடுதேன்” என்றாள்.